இருபது பிரதியா, இரண்டே பிரதியா: பிளாஸ்மிட் பெருகும் இரு வழிகள்

கொழிஞ்சாம்பாறையில் தமிழ்வழியில் படித்துவிட்டு, வாளையாறு தாண்டிக் கோயம்புத்தூருக்குக் கல்லூரி செல்லும் பிள்ளைகளுக்கு விடுமுறை நாட்களில் உயிரியல் சொல்லித்தருகிறேன். 'பிளாஸ்மிட் என்பது குரோமோசோமுக்கு வெளியே தானே பெருகும் வட்ட டி.என்.ஏ.' என்று எல்லோரும் தயங்காமல் சொல்லிவிடுகிறார்கள். 'தானே பெருகும்' என்றால் எந்த அளவுக்கு, யார் கட்டுப்பாட்டில் என்று கேட்டால்தான் பேச்சு நின்றுவிடுகிறது. 1952இல் மரபியலாளர் ஜோஷுவா லெடர்பெர்க் இட்ட இந்த ஒரே பெயருக்குள், ஒன்றுக்கொன்று நேர்மாறான வாழ்க்கை முறைகள் அடங்கியிருக்கின்றன.

இங்கே ஒப்பிட எடுத்துக்கொள்பவை, கோல்-இ1 என்னும் பிளாஸ்மிட் குடும்பத்தைச் சேர்ந்த, ஆய்வகத்தில் உருவாக்கிய பி.பி.ஆர்.322 என்பதும், ஈ.கோலை என்னும் குடல் பாக்டீரியாவின் எஃப் பிளாஸ்மிடும். அமைப்பில் இரண்டுமே மூடிய ஈரிழை வட்டங்கள். கைரேஸ் நொதி முறுக்கிவிடுவதால் இரண்டுமே மீச்சுருளாக, அதாவது சுருளுக்கு மேல் சுருளாக, சுருண்டிருக்கின்றன. அளவில்தான் ஏணி வைத்தாலும் எட்டாது. முதலாவதில் 4361 கார இணைகள். எஃப் பிளாஸ்மிடில் ஏறத்தாழ ஒரு லட்சம். முன்னது ஒரு செல்லில் 15 முதல் 20 பிரதிகள் வரை இருக்கும். பின்னது ஒன்றிரண்டுக்கு மேல் போவதில்லை.

கோல்-இ1 வகையின் கட்டுப்பாடு இரண்டு ஆர்.என்.ஏ.க்களுக்கு இடையே நடக்கிறது. இரட்டிப்பின் தொடக்கப்புள்ளிக்கு ஏறத்தாழ 555 காரங்களுக்கு முன்னால் ஆர்.என்.ஏ. II உருவாகத் தொடங்கி, டி.என்.ஏ.யோடு ஒட்டி நிற்கிறது, ஆர்.என்.ஏஸ் எச் நொதி அதை வெட்டியதும், வெட்டுண்ட முனையிலிருந்து டி.என்.ஏ. பாலிமரேஸ் I புதிய இழையைக் கட்டுகிறது. அதே பகுதியின் எதிர் இழையிலிருந்து 108 காரங்கள் நீளமுள்ள ஆர்.என்.ஏ. I உருவாகி, தன் வளைவு முனையை ஆர்.என்.ஏ. II-இன் வளைவு முனையோடு தொட்டு இணைந்து, அது சரியாக மடிவதைத் தடுத்துவிடுகிறது. ராப் என்னும் சிறு புரதம் இந்தப் பிணைப்பை இறுக்கிப் பிடிக்கிறது. பிரதிகள் கூடக்கூட ஆர்.என்.ஏ. I கூடும், அது கூடினால் இரட்டிப்பு குறையும். ராப் மரபணுவை நீக்கி, ஒரே ஒரு கார மாற்றமும் சேர்ந்த பி.யு.சி. என்னும் ஆய்வகப் பிளாஸ்மிட் வகைகள் 37 டிகிரி வெப்பத்தில் ஒரு செல்லில் ஐந்நூறு பிரதிகளுக்கு மேல் ஏறிவிடுவதைப் பார்க்கும்போது, அந்தத் தடையின் வலிமை கண்கூடாகத் தெரிகிறது.

எஃப் பிளாஸ்மிடில் இந்தப் பொறுப்பு ரெப்-இ என்னும் புரதத்திடம் இருக்கிறது. தொடக்கப்புள்ளியில் திரும்பத் திரும்ப வரும் குறுந்தொடர்களில் அது அமர்ந்தால்தான் இரட்டிப்பு தொடங்கும். பிரதி பெருகினால் அதே தொடர்கள் ரெப்-இ வழியே ஒன்றோடொன்று விலங்கிடப்பட்டு அடங்கிவிடுகின்றன.

செல் இரண்டாகப் பிளக்கும்போது நடக்கும் பங்கீட்டில்தான் வேறுபாடு கூர்மையாகிறது. அண்ணன் தம்பி பாகம் பிரியும்போது இருபது ஆடுகளைத் திறந்துவிட்டாலும் இரு வீட்டுக்கும் சில போய்ச் சேரும். இரண்டே மாடுகள் என்றால் ஆளுக்கொரு கயிற்றைப் பிடித்தே ஆக வேண்டும். பிரதிகள் தற்செயலாகப் பிரிந்தால், இருபது இருக்கும்போது ஒரு மகள் செல் வெறுங்கையோடு போகும் வாய்ப்பு ஏறத்தாழ 5.24 லட்சம் பிளவுகளுக்கு ஒன்று. இரண்டே இருந்தால் இரண்டு பிளவுகளுக்கு ஒன்று. அதனால் எஃப் பிளாஸ்மிட் சாப் என்னும் பங்கீட்டு ஏற்பாட்டைச் சுமக்கிறது. பிளாஸ்மிடை இழந்த செல்லைக் கொல்ல சி.சி.டி.-பி என்னும் நஞ்சையும், அதை அடக்கிவைக்கும் முறிப்புரதத்தையும் சேர்த்தே வைத்திருக்கிறது. ஆனால் அதிகப் பிரதி இருந்தாலே பாதுகாப்பு என்று நம்பிவிடக் கூடாது. வட்டங்கள் ஒன்றோடொன்று இணைந்து பெருவட்டமாகிவிட்டால் எண்ணிக்கை சுருங்கி, கணக்கே மாறிவிடும். இயற்கையான கோல்-இ1 இதைப் பிரித்துவிடும் செர் என்னும் பகுதியை வைத்திருக்கிறது, பி.பி.ஆர்.322இல் அது இல்லை.

ஸ்டெஃபிலோகாக்கஸ் பாக்டீரியாவின் பி.டி.181 பிளாஸ்மிட் போன்றவை ஓர் இழையை வெட்டி, உருளும் வட்டமாகப் பெருகும் மூன்றாம் வழியைச் சேர்ந்தவை. அதைத் தனியே எழுதுவதே முறை.

கையில் எதை எடுப்பது என்று பிள்ளைகள் கேட்டால், சிறு மரபணுவை நிறைய எடுக்க பி.யு.சி.யைச் சொல்வேன், காரக் கரைசலால் (alkali) செல்லை உடைத்துப் பிரித்தெடுக்கும்போது ஜெல்லில் தடித்த பட்டை விழும். நீண்ட துண்டு சிதையாமல் தலைமுறை தாண்ட வேண்டுமானால், பட்டை மங்கலாக விழுந்தாலும் எஃப் வழியே என் தேர்வு. மனித மரபணுத்தொகையைப் படிக்கும் திட்டத்தில் லட்சத்துக்கும் மேற்பட்ட கார இணைகள் கொண்ட துண்டுகளைச் சுமந்தவை எஃப் தொடக்கப்புள்ளி கொண்ட பாக் என்னும் செயற்கை வட்டங்கள்தான்.