பச்சைக்கல் வீடா? மண் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள்

பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் பச்சைக்கல் வீடு கட்ட நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டு முன்பணம் கொடுங்கள். சூளையில் சுடாமல் வெயிலில் காயவைத்த மண்கல் வீடு கோடைக்கு எவ்வளவு இதமானது என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஆசையை வைத்துத்தான் ஓர் ஒப்பந்தக்காரர் எங்களை ஏமாற்றினார்.

எங்கள் நிலம் கரிசல். சித்தூர் வட்டத்தின் கிழக்கே பல இடங்களில் இந்த மண்தான். பருத்திக்கு நல்லது, சுவருக்கு ஆகாது. நனைந்தால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும். அதனால் செம்மண்ணும் மணலும் வெளியிலிருந்து கொண்டுவருவதாக மதிப்பீட்டில் எழுதி, அதற்கான பணத்தையும் வாங்கிக்கொண்டார். வந்த செம்மண் வாசலில் ஒரு குவியலாகக் கிடந்ததோடு சரி. கொல்லையில் குழி தோண்டி, அந்தக் கரிசலிலேயே கல் அறுத்திருக்கிறார்கள். விரிசலைத் தடுக்கும் வைக்கோலும் சேர்க்கவில்லை. மூன்று நான்கு வாரமாவது திருப்பித் திருப்பிக் காயவேண்டிய கல்லை உள்ஈரம் போவதற்குள் சுவரில் ஏற்றிவிட்டார்கள்.

சுவர் வெடிக்கத் தொடங்கியதும் அவர் செய்ததுதான் பெரிய அநியாயம். வெளிப்புறம் முழுக்க சிமென்ட் பூசி மறைத்தார். மண்சுவர் ஈரத்தை வாங்கி, வெயிலில் விட்டுவிடும். சிமென்ட் அந்த வழியை அடைத்துவிடுகிறது. விரிசல் வழியே இறங்கிய இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழை பூச்சுக்குப் பின்னால் தங்கி, மேற்குச் சுவரின் அடிப்பகுதியைச் சேறாக்கியது. பூச்சு பாளம் பாளமாகக் கழன்று விழுந்தது.

கேட்டதற்கு, "மண் வீடு என்றால் இப்படித்தான்" என்றார். பணம் போனதைவிட இந்தப் பதில்தான் எனக்குப் பொறுக்கவில்லை. ஏமன் நாட்டு ஷிபாமில் 16ஆம் நூற்றாண்டு முதல் பச்சைக்கல்லில் எழுப்பிய பல மாடி வீடுகள் இன்றும் நிற்கின்றன. கேரளத்திலேயே கட்டடக்கலைஞர் லாரி பேக்கர் மண் வீட்டுக்காக ஆயுள் முழுக்க வாதாடினார். தன் களவுக்கு மண்ணின் மேல் பழி போட இவர் யார்?

வேலை தொடங்குமுன் ஒரு கண்ணாடிப் புட்டியில் மூன்றில் ஒரு பங்கு மண்ணும் மீதி தண்ணீரும் விட்டுக் குலுக்கி, ஒரு நாள் அசையாமல் வையுங்கள். மணல் அடியில், வண்டல் நடுவில், களி மேலே தனித்தனியாகப் படியும். பாதிக்கு மேல் மணல் இருக்கவேண்டும். களி மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. காய்ந்த கல் ஒன்றை உடைத்து நடுப்பகுதியைப் பாருங்கள். நிறம் கருத்திருந்தால் ஈரம் போகவில்லை. தரைக்கு மேல் ஒன்றரை அடியாவது கருங்கல் கட்டு, அகலமான இறவாரம், சுண்ணாம்பு அல்லது மண் பூச்சு, இவற்றை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். மண்ணுக்கான பணத்தை லோடு இறங்கிய பிறகே கொடுங்கள்.

மேற்குச் சுவரை இப்போது பிரித்துக்கொண்டிருக்கிறோம். வேலைக்கு வந்திருக்கும் வயதான கொத்தனார் ஒரு கல்லைக் கையால் பிட்டுப் பார்த்துவிட்டு, "இந்த மண்ணை வயலுக்கே கொட்டிவிடுங்கள், அம்மிணி" என்றார். செம்மண்ணுக்குக் கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்டு நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கப்போகிறேன். அதே ஆளிடம் ஏமாந்தவர்கள் இருந்தால் மதிப்பீட்டுத் தாளை எடுத்து வையுங்கள்.