குளத்துப் பச்சையில் நஞ்சு இருக்கிறதா: பாட்டில், நுண்ணோக்கி, செயற்கைக்கோள், சோதனைப் பட்டை

ஆற்றில் தண்ணீர் வராத கோடை மாதங்களில் நம் டெல்டா குளங்கள் சிலவற்றின் ஓரத்தில் பச்சை பெயிண்டைக் கொட்டினதுபோல ஏடு படியும். எல்லாப் பச்சையும் நஞ்சல்ல. வயலில் விடுகிற அசோலா என்னும் நீர்ப்பெரணிக்குள் குடியிருந்து நெல்லுக்குத் தழைச்சத்து சேர்ப்பதும் நீலப்பச்சைப்பாசிதான். ஆனால் அதே நீலப்பச்சைப்பாசிக் கூட்டத்தைச் சேர்ந்த மைக்ரோசிஸ்டிஸ், கல்லீரலைக் கெடுக்கும் மைக்ரோசிஸ்டினை உண்டாக்கக்கூடியது. தண்ணீரைக் கொதிக்க வைத்தாலும் அந்த நஞ்சு போகாது. ஆடு மாடு இறங்கிக் குடிக்கிற துறைக்கு எந்தச் சோதனை உதவும்?

செலவில்லாதது பாட்டில். கையுறை போட்டுக்கொண்டு, ஏட்டுக்குச் சற்றுக் கீழே இருக்கிற தண்ணீரைக் கண்ணாடி பாட்டிலில் முக்கால் அளவு பிடித்து, குலுக்காமல் ஓர் இரவு ஃபிரிட்ஜில் வையுங்கள். காலையில் பச்சை அடியில் தங்கியிருந்தால் பெரும்பாலும் வேறு பாசி. மேலே வளையம்போல மிதந்தால் சந்தேகப்படவேண்டும். நீலப்பச்சைப்பாசியில் பலவற்றின் செல்லுக்குள் காற்றுப்பைகள் உண்டு, அவைதான் மேலே தூக்குகின்றன. ஒரு குச்சியை விட்டும் பார்க்கலாம். தலைமுடிபோல இழை இழையாகத் தொங்கினால் சாதாரண நூற்பாசி, பெயிண்ட் மாதிரி பூசிக்கொண்டால் கவனம். யூக்ளினா போன்ற வேறு சிலவும் மிதக்கும் என்பதால் இது முதல் எச்சரிக்கை மட்டுமே.

அடுத்தது நுண்ணோக்கி. எனக்கு அதிக நம்பிக்கை இதில்தான். வழவழப்பான கூழுக்குள் பொடிப்பொடி உருண்டைகள் கும்பலாகக் கிடந்தால் மைக்ரோசிஸ்டிஸ். மணி கோத்த மாலைபோல் இருந்தால் அனபீனா வகை, அதுவும் நீலப்பச்சைப்பாசிதான். தாவரவியல் துறை இருக்கிற எந்தக் கல்லூரியிலும் இதைப் பார்த்துச் சொல்லிவிடலாம். திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் கடல்வாழ் நீலப்பச்சைப்பாசிக்கென்றே ஒரு தேசிய மையம் இருக்கிறது. அறிவுக்கு நாம் தூரம் போகவேண்டியதில்லை.

செயற்கைக்கோள்? வீராணம் போன்ற பெரிய ஏரிக்குச் சரி. ஐரோப்பியச் செயற்கைக்கோளான சென்டினல்-3, நீலப்பச்சைப்பாசியின் ஃபைகோசயனின் நிறமியை 620 நானோமீட்டர் அலைவரிசையில் பார்க்கிறது. ஆனால் அதன் படத்தில் ஒரு புள்ளி 300 மீட்டருக்கு 300 மீட்டர் சதுரம், ஏறத்தாழ 22 ஏக்கர். திருவாரூரில் 'கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி' என்பார்கள். ஐந்து வேலி என்றால் சுமார் 33 ஏக்கர். அவ்வளவு பெரிய கமலாலயக் குளமே அதற்கு ஒன்றரைப் புள்ளிதான். ஊர்க்குளம் எங்கே தெரியப்போகிறது? சென்டினல்-2 இன்னும் நுணுக்கமாக, 10, 20 மீட்டர் அளவில், ஐந்து நாளுக்கு ஒருமுறை பார்க்கும். ஆனால் அதில் அந்த 620 அலைவரிசை இல்லை. பச்சை கூடியிருக்கிறது என்று காட்டும், எந்தப் பாசி என்று பிரிக்காது. ஐப்பசி, கார்த்திகை மேகத்தில் இரண்டுமே குருடு.

இந்த மூன்றும் பாசியைத்தான் காட்டும், நஞ்சைக் காட்டாது. ஒரே பாசியில் நஞ்சு உண்டாக்கும் ரகமும் உண்டு, உண்டாக்காத ரகமும் உண்டு. நஞ்சைச் சொல்ல, அதோடு ஒட்டும் எதிர்ப்பொருளை வைத்துப் பார்க்கும் எலைசா சோதனையோ, அதே முறையில் வேலை செய்யும் சோதனைப் பட்டையோ வேண்டும். பட்டை ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் உண்டா இல்லையா என்று காட்டும். எலைசா ஆய்வகத்தில் சில மணி நேரம் எடுத்து அளவையும் தரும். நஞ்சு பெரும்பாலும் செல்லுக்குள் அடைபட்டிருப்பதால், முதலில் செல்லை உடைக்காமல் சோதித்தால் அளவு குறைவாகக் காட்டி ஏமாற்றிவிடும். வாழ்நாள் முழுக்கக் குடிக்கிற தண்ணீரில் மைக்ரோசிஸ்டின் லிட்டருக்கு 1 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி அளவு. அவ்வளவு சிறிய அளவைக் கண்ணால் பிடிக்க முடியாது.

என் தேர்வு இதுதான்: ஊராட்சிக் குளத்துக்குக் கோடையில் வாரம் ஒரு பாட்டில், சந்தேகம் வந்தால் அன்றே கல்லூரி நுண்ணோக்கி, அங்கேயும் உறுதியானால் பட்டையோ எலைசாவோ. முடிவு வரும்வரை மாடுகளை அந்தத் துறையில் இறக்கவேண்டாம். பதறிப்போய், பாசியைக் கொல்ல மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) கொட்டிவிடாதீர்கள்; செல்கள் வெடித்து உள்ளே இருந்த நஞ்சு மொத்தமும் தண்ணீரில் கலந்துவிடும். அப்புறம், மாதிரியை வசதியான படித்துறையில் மட்டும் எடுக்காதீர்கள். மேல்காற்று அடிக்கிற நாளில் ஏடெல்லாம் கீழ்க்கரையில்தான் ஒதுங்கும்.