வாயு ஊரைவிட்டுப் போவதா, ஆலை ஊருக்குள் வருவதா?

தான்சானியாவின் ம்த்வாரா பகுதி எரிவாயுவைக் குழாய் வழியே அந்நாட்டின் பெருநகரான தார் எஸ் சலாமுக்குக் கொண்டுபோவதை எதிர்த்து 2013-இல் கலவரமே வெடித்தது. மக்கள் எரிவாயுவை வெறுக்கவில்லை. ஆலையும் வேலையும் தங்கள் பக்கமே வரவேண்டும் என்றார்கள். ராணுவம் வந்தது, அப்புறம் குழாயும் வந்தது.

சரி, ஆலை பக்கத்திலேயே வந்தால்? எல்லைக்கு அப்பால், மொசாம்பிக்கின் அஃபுங்கியில் அப்படித்தான், எரிவாயுவைத் திரவமாக்கும் ஆலைத் திட்டம். குடும்பங்கள் இடம்பெயர்க்கப்பட்டன. அவர்களுக்காகக் கட்டிய கிதுண்டா குடியிருப்பில் புது வீடு கிடைத்தது, ஆனால் கடல் தூரமாகிவிட்டது. மீன்பிடிப்பவருக்கு அந்த வீட்டை வைத்து என்ன செய்ய? நல்ல வேலையெல்லாம் வெளியூர்க்காரர்களுக்கே என்ற மனக்குறை வேறு. 2021-இல் பக்கத்து ஊரான பால்மாவை ஆயுதக் குழு தாக்கியதும் பணிகள் சில ஆண்டுகள் நின்றுபோயின.

ம்த்வாராவின் கோபம் நியாயம்தான். ஆனாலும் அஃபுங்கிக்காரர்களின் இழப்பே எனக்குப் பெரிதாகப் படுகிறது. ம்த்வாராவில் பெரும்பாலானோருக்குக் கடற்கரையாவது மிஞ்சியது.