மூன்றடுக்கு மண் உரப்பானை: பானை சரி, பாக்கெட் வேண்டாம்

சமையலறைக் கழிவை மக்க வைத்து உரமாக்க, மாடித்தோட்டக் கடைகளில் சுட்ட மண்ணில் மூன்றடுக்கு உரப்பானை விற்கிறார்களே, அதைத்தான் வாங்கினேன். காய்கறித் தோல், கறிவேப்பிலை ஈர்க்கு, முருங்கைக்காய்ச் சக்கை, டீத்தூள் எல்லாம் இப்போது அதற்குள்தான் போகிறது.

முன்பிருந்த பிளாஸ்டிக் டிரம்மில் தண்ணீர் அடியில் தேங்கி நாறும். மண் சுவர் அந்த ஈரத்தை உறிஞ்சி வெளியே விட்டுவிடுகிறது. வெளிப்பக்கம் உப்புப் பூத்துத் திட்டுத்திட்டாக வெளுத்துக் கிடக்கும். பார்க்க அழகில்லைதான், துடைத்தாலும் திரும்ப வரும். இருக்கட்டும்.

பானையோடு நுண்ணுயிர்த் தூள் பாக்கெட் ஒன்றையும் தலையில் கட்டப் பார்ப்பார்கள். வாங்காதீர்கள். புளித்த மோர் ஒரு கரண்டி, பழைய உரம் ஒரு கைப்பிடி போதும். உண்மையில் வேலை செய்வது சருகு. வாசலில் கூட்டிக் குவிக்கும் வேப்பஞ்சருகை, காய்கறிக் கழிவு எவ்வளவோ அவ்வளவாவது மேலே தூவ வேண்டும். பானைக்குள் இருப்பதைக் கையில் அள்ளிப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு விழலாம்; ஒழுகினால் சருகு போதவில்லை என்று அர்த்தம்.

அப்புறம் புழு. தடித்த, பழுப்பு நிறப் புழுக்கள் கூட்டமாக நெளியும். என் மாமியார் பார்த்துவிட்டுக் கொஞ்ச நாள் மாடிப் பக்கமே வரவில்லை. பெரும்பாலும் அவை கருப்புப் படைவீரர் ஈயின் புழுக்கள். கடிக்காது, அழுகலைத் தின்று தீர்க்கும். ரொம்பப் பெருகினால் இன்னும் சருகு போடுங்கள்.

குறை என்றால் கனம். நிரம்பிய அடுக்கைத் தூக்கிக் கீழே மாற்ற இரண்டு பேர் வேண்டும், முதுகுவலிக்காரர்களுக்கு ஆகாது. எனக்கு வந்த மூடி ஓரத்தில் சில்லு தெறித்திருந்தது. கடைக்காரர் மறுபேச்சில்லாமல் மாற்றிக் கொடுத்தார். மழைச் சாரல் படாத இடத்திலும் வைக்க வேண்டும்.

உரம் கருப்பாக, மண் வாசனையோடு வருகிறது. முட்டை ஓட்டை முழுசாகப் போட்டால் சலிக்கும்போது அப்படியே நிற்கும், பொடித்துப் போடுங்கள். தக்காளி விதை சாகிற அளவுக்கு இந்தச் சின்னப் பானை சூடேறாது. கத்தரித் தொட்டியில் உரம் வைத்த இடமெல்லாம் தக்காளி நாற்றுதான்! பிடுங்கி வேறு தொட்டியில் நட்டேன், காய்க்கிறது.

வாங்குவதானால் மூன்றடுக்கே வாங்குங்கள். ஒன்று நிரம்பும்போது மற்றவை மக்க அவகாசம் கிடைக்கும். இரண்டடுக்கில் பாதி மக்கியதைத்தான் செடிக்குப் போட வேண்டியிருக்கும்.