இல்லாத சென்சாரை மாற்றியதாகச் சொல்லி 14,800 ரூபாய் வாங்கிவிட்டார்கள்

கோபம் இன்னும் அடங்கவில்லை; எழுத்தில் சூடு தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். 14,800 ரூபாய். எதற்கு? என் காரின் நான்கு சக்கரங்களிலும் காற்றழுத்த சென்சார்களை மாற்றியதற்கு. அந்தக் காரின் சக்கரங்களில் அப்படி ஒரு சென்சார் கிடையவே கிடையாது. வண்டி வாங்கிய அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

கடையின் பெயரைப் போடவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது ஒரு முடிவுக்கு வரட்டும். புறவழிச் சாலையில் கண்ணாடிக் கதவும் ஏசி அறையுமாக இருக்கும் பெரிய டயர் கடை என்பது போதும்.

டாஷ்போர்டில் லாடம் போல வளைந்து நடுவில் ஆச்சரியக்குறியோடு ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது, டயரில் காற்று குறைந்தால் எரியும் விளக்கு. அதைக் காட்டத்தான் போனோம். மேசையில் இருந்தவர் நெற்றி நிறைய விபூதி பூசியிருந்தார், குரலில் அப்படி ஒரு கனிவு. டீ வரவழைத்தார், எங்கே பயணம் என்று விசாரித்தார். மகளைக் கல்லூரி விடுதியில் விடத் திருச்சி போகிறோம் என்றாள் மனைவி. அவருக்கு அது போதுமாக இருந்தது. "பெண்பிள்ளையை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் போகிறீர்கள். போகிற வேகத்தில் டயர் வெடித்தால் என்ன ஆகும் சார்? பணத்தைப் பார்க்காதீர்கள். என் தங்கை குடும்பமாக இருந்தாலும் இதைத்தான் சொல்வேன்" என்றார். வயிற்றைக் கலக்கியது. மனைவி என் முகத்தைப் பார்த்தாள்.

பிறகு பாடம் எடுத்தார். சக்கரத்துக்குள் வால்வை ஒட்டி சென்சார் இருக்கும், அதன் பேட்டரியைத் தனியாக மாற்ற முடியாது, தீர்ந்தால் சென்சாரையே மாற்ற வேண்டும். அத்தனையும் உண்மைதான், வேறு கார்களுக்கு! அந்தப் பேட்டரிகூடப் பொதுவாக ஐந்து முதல் பத்து ஆண்டுகள் உழைக்கும். என் வண்டிக்கு வயது மூன்று. நான்கும் சொல்லிவைத்தாற்போல் ஒன்றாகத் தீர்ந்துவிட்டனவாம். டயரின் காற்றழுத்தத்தைக் கண்காணிக்கும் அமைப்பை அரசாங்கமே கட்டாயமாக்கிவிட்டது என்று இன்னொரு புளுகு. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் புதிய கார்களுக்குக் கட்டாயம்தான். இங்கே 2020 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த விதி சொல்வது வேறு: இந்த அமைப்பும் ட்யூப்லெஸ் டயரும் பஞ்சர் ஒட்டும் சாதனமும் இருந்தால் ஸ்டெப்னி இல்லாமலும் வண்டி ஓட்டலாம் என்பதுதான்.

வேலை நடக்கும் இடத்துக்குள் எங்களை விடவில்லை. கண்ணாடிக்கு அப்பால் சக்கரங்கள் கழன்றன, மறுபடி ஏறின. பையன் ஒருவன் தூசி படிந்த கறுப்புப் பிளாஸ்டிக் துண்டு ஒன்றை உள்ளங்கையில் வைத்து நீட்டி, "இதுதான் சார் பழசு" என்றான். எவருடைய வண்டியில் கழற்றியதோ. விளக்கு அணைந்திருந்தது. கைபேசியிலேயே 14,800 அனுப்பிவிட்டுக் கிளம்பினோம்.

திரும்பி வரும்போது உளுந்தூர்ப்பேட்டை தாண்டி மறுபடி எரிந்தது. சாலையோரப் பஞ்சர் கடைக்காரர் டயரைத் தண்ணீரில் அமுக்கினார். குமிழி கிளம்பிய இடத்தில் தலை தேய்ந்துபோன ஒரு சின்ன ஆணி. "உள்ளே புது சென்சார் இருக்கிறது, பார்த்து" என்றேன். உள்பக்கமாக ஒட்டுவதற்கு டயரைப் பிரித்தவர் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். ரிம்முக்குள் வால்வின் ரப்பர் அடிப்பாகம் மட்டும் துருத்திக்கொண்டிருந்தது. அதைச் சுற்றிப் பழைய அழுக்கு கலையாமல் அப்படியே இருந்தது. "இதில் ஒன்றுமே இல்லையே சார்?"

ஷோரூமில் கேட்டபோதுதான் முழு விவரம் தெரிந்தது. இந்த மாடலில் ஏபிஎஸ் பிரேக்குக்காக (பிரேக் அடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது) இருக்கும் வேக சென்சார்களே இந்த வேலையையும் பார்க்கின்றன. காற்று குறைந்த சக்கரம் மற்றவற்றைவிடச் சற்று வேகமாகச் சுழலும். அந்த வித்தியாசத்தை வைத்து விளக்கு எரிகிறது. காற்று அடித்த பிறகு ரீசெட் பொத்தானை அழுத்த வேண்டும். மறந்தால் காரணமில்லாமல் எரிந்து உயிரை வாங்கும். நான்கிலும் ஒரே அளவில் காற்று இறங்கினாலோ கண்டுகொள்ளாது. ஆக, காற்று அடித்து ஒரு பொத்தானை அழுத்தியதற்கு 14,800 ரூபாய்! விளக்கு பாவம், முதலிலேயே ஆணியைத்தான் சொல்லியிருக்கிறது. அதை எவனும் தேடவில்லை. அந்த ஆணியோடுதான் மகளை ஏற்றிக்கொண்டு திருச்சிவரை போயிருக்கிறோம்.

போன் செய்தால் மேனேஜர் சாப்பிடப் போயிருக்கிறார். பிறகு முதலாளி வெளியூரில். பிறகு அந்தப் பையன் வேலையை விட்டு நின்றுவிட்டான். நேரில் போய் நின்றபோது அதே விபூதிக்காரர், "வெளியில் டயரைப் பிரித்திருக்கிறீர்கள். சென்சாரை அங்கே உருவியிருப்பார்கள், நாங்கள் என்ன செய்ய?" என்றார். எண்பது ரூபாய் வாங்கிக்கொண்டு உண்மையைச் சொன்ன மனிதர் மேல் திருட்டுப் பட்டம்! பில்லை நீட்டினால் அதில் சென்சார் என்ற சொல்லே இல்லை, "எலக்ட்ரிக்கல் பொருட்கள், கூலி" என்று மட்டும் இருக்கிறது. இப்போது என் எண்ணையே தடுத்துவிட்டார்கள்.

என்னென்ன கவனிக்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. விளக்கு எரிந்தால் முதலில் காற்றைப் பாருங்கள், ஆணி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் மாடலில் சக்கரத்துக்குள் சென்சார் உண்டா என்று ஷோரூமில் கேட்காமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். டயரைப் பிரிக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள், விடமாட்டேன் என்றால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். பில்லில் பொருளின் பெயர் இருக்க வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதில்தான் பதிவு செய்திருக்கிறேன், பதில் வந்தால் இதற்குக் கீழேயே எழுதுகிறேன்.