கிருஷ்ணகிரி வாடகை நூலகத்தில் ஓர் உருமாற்ற அடுக்கு

கிருஷ்ணகிரி ரவுண்டானாவிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தொலைவில், ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் இயங்கிவரும் வாடகை நூலகத்தில், மனிதர்கள் விலங்காக மாறும் கதைகளுக்கென்று தனி அடுக்கு ஒன்று இருக்கிறது. முன்பணம் கட்டி எடுத்து, திருப்பித் தரும்போது வாடகையைக் கழித்துக்கொள்ளும் பழைய முறைதான்.

உரிமையாளர் இந்நூல்களை நாடு வாரியாகவோ ஆசிரியர் வாரியாகவோ வைக்காமல், உடல் மாறிய பின் மனம் என்னவாகிறது என்பதைக் கொண்டு பிரித்திருக்கிறார். மனித நினைவு முழுதாகத் தங்கிவிடும் கதைகள் மேல் தட்டில் இருக்கின்றன. நினைவு அழிந்து அடிமனத்தில் மட்டும் ஏதோ எஞ்சும் கதைகள் கீழ்த் தட்டில். ஹோமரின் ஒடிஸியில் பன்றிகளாக்கப்பட்ட மாலுமிகளும், ரோமானிய எழுத்தாளர் அபுலேயஸின் கதையில் கழுதையாகிவிடுபவனும், பீமனைச் சுற்றி வளைத்துத் தருமனிடம் கேள்வி கேட்கும் மலைப்பாம்பான நகுஷனும் மேல் தட்டுக்காரர்கள். படிக்கச் சுவையானவைதான் என்றாலும், இவற்றில் விலங்குடல் ஒரு வேடத்துக்கு மேல் போவதில்லை.

கீழ்த் தட்டில்தான் சரக்கு இருக்கிறது. பாகவதத்தில், அகத்தியரின் சாபத்தால் கஜேந்திரன் என்னும் யானையாகப் பிறக்கும் பாண்டிய மன்னன் இந்திரத்யும்னனுக்குத் தான் யார் என்ற நினைவே இல்லை. முதலை காலைக் கவ்வி, வலிமை வற்றிய நிலையில்தான் முற்பிறவியில் கற்ற துதி அவனுள்ளிருந்து மேலே வருகிறது. (தேன்கனிக்கோட்டைப் பக்கம் ராகிக் கொல்லைக்கு இரவுக் காவல் இருப்பவர்களிடம் யானையின் மனத்தைப் பற்றிக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள்.)

1915இல் வெளிவந்த காஃப்காவின் ‘உருமாற்றம்’ குறுநாவலை மேல் தட்டில் வைத்திருப்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. பூச்சியாக விழித்த கிரேகோர் சாம்சா, ரயிலைத் தவறவிட்டதற்காகக் கவலைப்படுகிறான் என்பது உண்மைதான். ஆனால் முன்பு விரும்பிக் குடித்த பால் இப்போது அவனுக்குப் பிடிக்காமல் போகிறது, அழுகிய காய்கறியும் கெட்ட பாலாடைக்கட்டியும் இனிக்கின்றன. ஊர்ந்து திரிய வசதியாக அறையின் சாமான்களை அகற்றட்டும் என்று இருந்தவன், தாயின் குரலைக் கேட்ட பிறகே தன் மனித வாழ்வை மறக்கவிருந்ததை உணர்ந்து, சுவரில் மாட்டிய படத்தின் மேல் ஏறி ஒட்டிக்கொள்கிறான். கஜேந்திரனுக்கு மேலே யானை, அடியில் மனிதன். சாம்சாவுக்கோ மேலே மனிதன், அடியில் பூச்சி. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தால் இந்த அடுக்கின் மதிப்பே கூடியிருக்கும்.

கூடு விட்டுக் கூடு பாயும் விக்கிரமாதித்தன் கதைகளில் பக்கங்கள் கிழிந்திருக்கின்றன, நூற்பட்டியலும் கிடையாது. கீழ்த் தட்டுக்கு வெளிச்சம் எட்டாததால், குந்தி உட்கார்ந்து செல்போன் விளக்கில்தான் தேட வேண்டியிருக்கிறது. சிரமம் பாராமல் கீழிருந்து ஒன்றும் மேலிருந்து ஒன்றுமாக எடுத்துவந்து, கீழ்த் தட்டு நூலை முதலில் படியுங்கள்.