மண்தட்டா, சிமெண்ட் தொட்டியா? குருவிகள் குளிக்க எது தோது?

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு முருங்கை மரத்தடியில் இரண்டு ஆண்டுகள் சிமெண்ட் தொட்டி இருந்தது. இந்தச் சித்திரையில் அதை ஓரங்கட்டிவிட்டு, காருகுறிச்சியில் வாங்கிய அகலமான மண்தட்டுகள் இரண்டை வைத்தேன். இனி எனக்கு மண்தட்டுதான்.

பிளாஸ்டிக் தட்டு வழுக்கும், ஆடிக்காற்றில் நிற்காது. பழைய கல்தொட்டி அழகுதான், ஆனால் மாட்டுக்குச் செதுக்கிய ஆழம். கூழாங்கல் பரப்பி, தண்ணீரை இரண்டு விரற்கடை அளவுக்குக் கொண்டுவந்தால்தான் சிட்டுகள் இறங்கும். பெரியம்மா வீட்டில் ஒரு கோடை விடுமுறை முழுக்கப் பார்த்த அனுபவம்தான் எனக்கு, அதனால் அதை அடித்துப் பேச மாட்டேன்.

சிமெண்ட் தொட்டிக்கும் குருவிகள் வந்தன. சொரசொரப்பான விளிம்பில் கால் நன்றாகப் பிடித்தது. தொல்லையெல்லாம் கழுவுவதில். தூக்கிக் கவிழ்க்க முடியாது. குவளையால் மொண்டு கொட்டி, மிச்சத்தைத் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். அலுப்பில் நாள் தள்ளிப்போகும். வெயில் காலத்தில் ஒரு வாரம், பத்து நாளில் முட்டை கொசுவாகிப் பறந்துவிடும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஈரச் சுவரில் முட்டைகளை ஒட்டிவைக்கிறது. அவை மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் மறுபடி நனைந்ததும் பொரியும். ஆகவே தண்ணீரை மாற்றினால் மட்டும் போதாது, உட்சுவரைத் தேய்த்தே ஆக வேண்டும்.

மண்தட்டு என்றால் இது இரண்டு நிமிட வேலை. பழைய தண்ணீரைச் செம்பருத்தி வேரில் கொட்டி, தேங்காய் நாரால் ஒரு சுற்றுத் தேய்த்து, வெயிலில் கவிழ்த்துவிடுகிறேன். மற்றத் தட்டில் புதுத் தண்ணீர். சோப்பு மட்டும் கூடாது, மண் அதை உறிஞ்சிக்கொள்ளும். நீர் கசிந்து ஆவியாவதால் நண்பகலிலும் தொட்டால் குளிர்ச்சி. அதனாலேயே மதியம் மறுபடி ஊற்ற வேண்டியும் இருக்கிறது. பூனை தட்டிவிட்டு ஒன்றில் கீறல் விழுந்துவிட்டது. சிமெண்டுக்கு அந்தக் கவலை இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

தேன்சிட்டு எந்தத் தட்டிலும் இறங்குவதில்லை. நான் தண்ணீர் தெளித்த செம்பருத்தி இலைகளில் உடம்பைத் தேய்த்தே குளித்துக்கொள்கிறது. மாலை நாலரைக்குத் தவிட்டுக்குருவிகள் ஏழெட்டு வந்து தட்டையே கலக்கிவிட்டுப் போகும். அதுவரை முருங்கைக் கிளையில் காத்திருக்கும் தையல்சிட்டு, பிறகு வாலைத் தூக்கியபடி விளிம்புக்கு வரும். மார்பை ஒருமுறை நனைத்துவிட்டுச் சட்டென்று கிளைக்கு ஏறும். மூன்றாவது தடவைதான் முழுசாக இறங்கிச் சிறகடிக்கும்.